பேச்சைக் கேட்டு ஆள் எடுக்காதீர்கள்

"நல்ல டெவலப்பர் ஒருவர் வேண்டும், சீக்கிரம்." ஸ்டார்ட்அப் தொடங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டதும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். சரி, வந்து முதல் 3 மாதத்தில் அவர் எதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், "எல்லாம்தான்" என்று பதில் வரும். அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதாமல் நான் ஆள் தேட ஆரம்பிப்பதே இல்லை.

4 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஆள் தேடியபோது இரண்டு பேர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். ஒருவர் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர், சரளமாகப் பேசினார். நிறுவனர் அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். இன்னொருவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமைதியாக இருந்த ஒரு பெண். நான் பிடிவாதமாக இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுக்கச் சொன்னேன். அரை நாள் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. சில வாடிக்கையாளர்களிடம் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

முதலாமவர், ஆப்பில் பணம் கட்டும் பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அது செயலிழந்துவிடும்படி அழகாக மாற்றினார். அந்தப் பெண் புரோகிராமைத் தொடுவதற்கு முன், என்ன நடந்தது என்று காட்டும் சர்வர் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். நெட் மெதுவாக இருக்கும்போது ஆப் தானாகவே இன்னொரு முறை கோரிக்கை அனுப்புவதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காதபடி செய்தார். முடித்துவிட்டு, "ஏற்கெனவே பணம் போனவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார். நிறுவனர் என்னைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

நேர்காணலில் நமக்குப் பிடித்துப்போவது வேறு, அவர் வேலை செய்வது வேறு. உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டும் அவரது சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஆள் தேர்வு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அதையே கேட்டு, மதிப்பெண் போடும் நேர்காணல்தான் அதில் முதலிடத்தில் வந்தது. நாம் விளம்பரத்தில் தவறாமல் போடும் 'இத்தனை வருட அனுபவம்' பட்டியலில் மிகவும் கீழே இருந்தது. இதைச் சொன்னால் பல நிறுவனர்கள் நம்ப மறுக்கிறார்கள். அனுபவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடக் கணக்கை வைத்து நல்ல ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சம்பளத்தோடு நிறுவனத்தின் பங்கும் தருவதாக இருந்தால் அதன் விதியையும் வாய்விட்டு விளக்குங்கள். வழக்கமான ஏற்பாட்டில் பங்கு முழுவதும் கைக்கு வர 4 வருடம் ஆகும். முதல் ஒரு வருடம் முடிந்தால்தான் முதல் பகுதி கைக்கு வரும். 11-ஆவது மாதம் விலகினால் ஒன்றும் கிடைக்காது. இது தெரியாமல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சேர்ந்து, பிறகு நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் மறைக்காதீர்கள்.

அப்புறம், தேர்வாகாதவருக்கும் முடிவு எடுத்த அன்றே போன் செய்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அரை நாள் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்தவர் அவர்.