சுழலாத பந்தின் தள்ளாட்டம்

வேலூர்க் கோட்டை மைதானத்தில் மே மாதம் மாலை ஐந்து மணிக்கும் மண் சுடும். அந்நேரத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று, கைப்பந்தில் (வாலிபால்) ஃப்ளோட் சர்வீஸ், அதாவது பந்தைச் சுழலவிடாமல் அடிக்கும் சர்வீஸ், போடும் இளைஞரைக் கவனித்தால், பந்தில் காற்றடைக்கும் துளையைத் தேடி, அதை எப்போதும் ஒரே பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது தெரியும். உள்ளங்கையை விறைப்பாக்கி, மணிக்கட்டை மடக்காமல், பந்தின் நடுவில் ஒரே அடி அடிக்கிறார். சுழலாமல் வலையைத் தாண்டும் அந்தப் பந்து, எதிரணியினர் கையை நீட்டும் கடைசி நொடியில் ஒரு பக்கமாக விலகிவிடுகிறது.

பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் வழுக்கிச் செல்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது படலம் சீராக ஓடி, பந்தை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடுவதால், பின்னால் அகன்ற சுழல் வால் உண்டாகி எதிர்ப்பு விசை கூடுகிறது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் படலமே கலங்கிவிடுகிறது. கலங்கிய படலம் பந்தை இன்னும் சற்றுத் தூரம் பற்றிக்கொண்டு போவதால் வால் குறுகி, எதிர்ப்பு சட்டென்று விழுந்துவிடுகிறது. இந்த வரம்புக்கு அருகில் பறக்கும் பந்தில்தான் வேடிக்கை. தையல் விளிம்பு இருக்கும் பக்கத்தில் படலம் கலங்கியும் வழவழப்பான பக்கத்தில் சீராகவும் இருக்கலாம் என்பதால், இரு பக்க விசைகளும் சமமாக இல்லாமல் பந்து நகர்கிறது. சுழலும் பந்தின் வளைவு ஒரே திசையில் சீராக அமைவதால் அதை முன்கூட்டியே கணிக்கலாம். சுழலாத பந்திடம் அந்த நாணயம் இல்லை. துளையை ஒரே பக்கம் வைக்கும் வழக்கம் தையல்களின் நிலையை மாறாமல் வைக்கும் முயற்சியே.

அந்த வரம்பு வேகம் பந்தை மட்டும் பொறுத்ததன்று, காற்றையும் பொறுத்தது. கடல் மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில், 40 டிகிரி வெப்பத்தில் இருக்கும் வேலூர்க் காற்றை விட, கடலோர நகரத்து அரங்கில் 20 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 10 விழுக்காடு அடர்த்தியானது. உலகப் போட்டிகளில் அரங்க வெப்பநிலை 16 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, இங்கே மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தள்ளாடிய பந்து, அங்கே சுமார் 52 கி.மீ. வேகத்திலேயே தள்ளாடத் தொடங்கும். அதே பலத்தில் அடித்தால் தள்ளாட்டமும் மாறும்; எதிர்ப்பு சட்டென்று மாறாத வேகங்களில்கூட, காற்றின் அடர்த்தி கூடுவதால், தோராயமாகக் கணக்கிட்டால், பந்து ஒரு சாண் முன்னதாகவே விழும்.

வெளிநாட்டில் பதக்கப் போட்டிக்குத் தயாராகும் தேசிய அணிக்கு இது சிறிய விஷயமன்று. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் 1986இல் சியோலில் வெண்கலமும் வென்ற இந்திய ஆடவர் அணிக்கு, அதன்பின் 2023 வரை ஆசிய விளையாட்டில் பதக்கம் வாய்க்கவில்லை. அதற்குக் காற்றைக் காரணம் காட்டுவது நகைப்புக்குரியது. எனினும், புதிய அரங்கில் முதல் நாள் சர்வீஸ் வலையில் மோதினாலோ கோட்டுக்கு வெளியே போனாலோ உடனே பதற்றத்தின் மீது பழி போடும் பயிற்சியாளர், சர்வீஸ் போடுபவர்களை மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

போட்டிக்கான பந்துகளைப் போட்டியை நடத்துபவர்களே தருவார்கள். அணி கொண்டுபோகும் பயிற்சிப் பந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ என்பது விதி சொல்லும் அழுத்தம். மைதான வெயிலில் 40 டிகிரியில் சரியாகக் காற்றடைத்த பந்தை 20 டிகிரி அரங்குக்குக் கொண்டுபோனால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, அழுத்தம் சுமார் 0.23க்கு இறங்கிவிடும். கையில் தொட்டால் சற்றே தொளதொளப்பாகத் தெரியும் அந்தப் பந்தில் பழகுவது, வேறொரு பந்தில் பழகுவதற்குச் சமம். பம்பும் ஊசியும் மட்டும் போதாது, அழுத்தமானியும் பையில் இருக்க வேண்டும். காற்றை அரங்கின் உள்ளேதான் அடைக்க வேண்டும், அதுவும் பந்து அங்கே சிறிது நேரம் கிடந்து குளிர்ந்த பிறகு.