காலைல நல்லாதான் இருந்தான் மிஸ்ஸி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தமிழ்ப்பள்ளி, ஒன்னாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு தடுப்பூசி போட எங்க டீம் போயிருந்த நாள் அது. நம்ம ஊரு சாதாரண அரசாங்க ஸ்கூல்ல பிள்ளைங்கள பாக்கன்னு தனியா ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், உக்காந்திருக்க மாட்டாங்க, கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க கிளினிக்ல இருந்து நாங்கதான் அப்பப்ப வந்து பாத்துட்டு போவோம், மத்த நாளெல்லாம் ஒரு டீச்சர், ஒரு கட்டில், ஒரு மருந்து பெட்டி, அவ்ளோதான். மணி பத்தேகால் இருக்கும், ரெஹாட் (இடைவேளை) முடியுற நேரம், ஒரு பையன கைய புடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. கண்ணு ரெண்டும் பளபளங்குது, கன்னம் செவந்து கெடக்கு, அளந்து பாத்தா 38.9 டிகிரி செல்சியஸ். டீச்சர் வீட்டுக்கு போன் அடிச்சாங்க, பாட்டி எடுத்து முதல்ல சொன்னதே, "காலைல நல்லாதான்மா இருந்தான்."

இத நான் எத்தன தடவ கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. ஆரம்பத்துல எனக்கும் கோவம் வரும், தெரிஞ்சுகிட்டே அனுப்பிட்டு கத விடுறாங்கன்னு. இப்ப அப்படி நெனைக்கிறதில்ல. அவன் காலைல நெசமாவே நல்லாதான் இருந்திருப்பான், ஏன்னா காய்ச்சல் வேல செய்யுற விதம் அப்படி.

நம்ம மூளைக்கு அடியில ஹைபோதலாமஸ்னு ஒன்னு இருக்கு, சின்ன சைஸ்தான், ஒடம்பு சூட்ட 37 டிகிரி பக்கத்துல புடிச்சு வைக்கிறது அதோட வேல. கிருமி உள்ள வந்ததும் நோய எதிர்க்குற செல்லுங்க இன்டர்லூகின் மாதிரி சில ரசாயனத்த ரத்தத்துல விடும், அதனால மூளைல புரோஸ்டகிளாண்டின் ஈ2ன்னு ஒரு பொருள் கூடும், அது போயி ஹைபோதலாமஸ்கிட்ட "37 பத்தாது, 39 வை"ன்னு செட்டிங்க மாத்திடும். ஏர்கோன் ரிமோட்ல நம்பர மாத்துற மாதிரிதான். அதாவது காய்ச்சல்ங்கறது ஒடம்பு கெட்டுப்போயி சூடாகுறது இல்ல, ஒடம்பே வேணும்னு சூட்ட ஏத்திக்குது, அந்த சூட்டுல பல கிருமிங்களுக்கு பெருகுறது கஷ்டம், நம்ம செல்லுங்களுக்கு சுறுசுறுப்பு. சும்மா ஏறிடாது, ஒரு டிகிரி ஏத்த ஒடம்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலா சக்தி செலவு பண்ணனும், பிள்ள சுருண்டு படுக்குறது அதனாலதான்.

செட்டிங் 39க்கு போயிடுச்சு, ஒடம்பு இன்னும் 37லயே இருக்குன்னு வைங்க, அப்ப ஒடம்புக்கு என்ன தோணும்? குளிருதுன்னு தோணும். தோலுக்கு போற ரத்தக் குழாய சுருக்கும், நடுங்கி சூட்ட உண்டாக்கும். அதனாலதான் காய்ச்சல் ஏறுற நேரத்துல வயிறும் முதுகும் கொதிக்கும், பாதம் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கும். எல்லாரும் நெத்தியத்தான் தொடுறோம், நான் காலையும் தொட்டுப் பாப்பேன். கால் சில்லுன்னு இருந்து போர்வைய இழுத்து இழுத்து போத்திக்கிட்டான்னா காய்ச்சல் இன்னும் மேல போகுதுன்னு அர்த்தம். வேர்த்துச்சுன்னா செட்டிங் எறங்கிடுச்சு, சூடு வெளிய போகுது.

இனிதான் காலை நேரத்து கூத்து. காய்ச்சல் இல்லாத ஆளுக்கே ஒடம்பு சூடு நாள் பூரா ஒரே மாதிரி இருக்காது, விடியக்காலம் ரொம்ப கொறைவா இருக்கும், சாயங்காலம் நாலஞ்சு மணிக்கு மேல உச்சத்துக்கு போகும், அர டிகிரி வித்தியாசம் சாதாரணம். இது புது கண்டுபிடிப்பும் இல்ல. ஜெர்மனில லைப்சிக் ஆஸ்பத்திரியில வுண்டர்லிக்னு ஒரு டாக்டர் சுமார் 25,000 பேருக்கு அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சு அளந்து 1868லயே புத்தகமா போட்டாரு, 37ங்கற நம்பர ஊரெல்லாம் பரப்புனதும் அவருதான், காலைல கொறைவு சாயங்காலம் கூடன்னு எழுதி வச்சதும் அவருதான். காய்ச்சல்லயும் பல நேரம் இந்த ஏத்த எறக்கம் அப்படியே இருக்கும். ஆக, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலாமா வேணாமான்னு நம்ம முடிவு பண்ணுற ஆறு மணிதான் காய்ச்சல் நம்மள ஏமாத்த வசதியான நேரம். முந்தின நாள் ராத்திரி 38.5 இருந்த பிள்ள விடியக்காலம் 37.4 காட்டுனா "விட்டுடுச்சு"ன்னு நெனைக்கத் தோணும்.

அதுக்கு மேல பெனடோல், அதாவது பாரசிட்டமோல்ங்கற காய்ச்சல் மருந்து. பாட்டி, பக்கத்து வீட்டு பையனோட மோட்டார் சைக்கிள்ல வந்து எறங்குனதும், "காலைல மருந்து எதுவும் குடுத்தீங்களா பாட்டி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அவங்கம்மா ஃபேக்டரி பஸ் வர்றதுக்கு முன்ன அந்த செவப்பு மருந்து ஒரு மூடி ஊத்திட்டு போனா"ன்னாங்க. பஸ் ஆறு மணிக்கு, அப்ப மருந்து அஞ்சே முக்காலுக்கு உள்ள போயிருக்கும். பாரசிட்டமோல் அந்த புரோஸ்டகிளாண்டின் உருவாகுறதத்தான் தடுக்குது, செட்டிங் தற்காலிகமா கீழ வரும், நாலுல இருந்து ஆறு மணி நேரம் தாங்கும், கிருமிய அது ஒன்னும் பண்ணாது. கணக்கு போட்டுப் பாருங்க, பத்தேகாலுக்கு சரியா நாலர மணி நேரம். ஸ்கூல்ல இருந்து வர்ற போன் பாதி ரெஹாட்ட ஒட்டியே வர்றதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லுவேன்.

அந்த "ஒரு மூடி"ய பத்தியும் சொல்லிடணும், எனக்கு ரொம்ப நாளா இது உறுத்துது. நம்ம கடைங்கள்ல பிள்ளைங்க சிரப் 5 மில்லியில 120 மில்லிகிராமும் இருக்கு, 250ம் இருக்கு, பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். அளவு எடைய வச்சு, கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம். 20 கிலோ பையனுக்கு 250 போத்தல்னா 4ல இருந்து 6 மில்லி, 120 போத்தல்னா 8ல இருந்து 12 மில்லி. போத்தல் மாறி மூடி மாறாம இருந்தா ஒன்னு பத்தாது, இல்ல ரெட்டிப்பா போயிடும், ஒரே நாள்ல பல தடவ ரெட்டிப்பா போனா ஈரல் தாங்காது.

இதெல்லாம் சொல்லிட்டு அந்த தாயத் திட்ட எனக்கு வாய் வரல. நம்ம வேலை சட்டத்துல தொழிலாளிக்கு ஒடம்பு சரியில்லன்னா எம்சி (டாக்டர் சீட்டு வச்சு எடுக்குற லீவு) உண்டு, பிள்ளைக்கு சரியில்லன்னு தனியா லீவு கெடையாது. பிள்ளையோட எம்சி ஸ்கூலுக்கு செல்லும், சூப்பர்வைசர்கிட்ட செல்லாது. முன்ன எஸ்டேட்ல மருந்து குடுக்குற டிரஸர் இருந்தாரு, பிள்ளைங்கள பாத்துக்க ஆயாக்கொட்டாய் இருந்துச்சு, தொழிலாளிங்க வீட்டு லயத்துல யாராவது ஒரு அத்த பாத்துப்பாங்க. இப்ப டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்தாச்சு, வீட்டுல பாட்டி இருந்தா அது அதிர்ஷ்டம்.

அதனால எதுக்கும் வீட்டுல நிறுத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். சின்ன பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு எட்டு தடவ சளி புடிக்கிறது இயல்பு, இருமல் ரெண்டு மூனு வாரம்கூட இழுக்கும், அத்தனைக்கும் லீவு போட்டா எப்ப படிக்கிறது? சளி பச்சையா வந்தா பயந்துடுறாங்க, அந்த பச்சை நம்ம வெள்ளை அணுக்குள்ள இருக்குற ஒரு என்சைமோட நெறம், இரும்பு சேந்தது, வைரஸ் சளியிலயும் வரும், அத வச்சு ஆண்டிபயாட்டிக் கேக்குறதுல அர்த்தம் இல்ல. லேசா மூக்கு ஒழுகுதுன்னு ஊசி ஃபாரத்துல வேணாம்னு எழுதி அனுப்புறதும் தேவையில்லாதது, அன்னைக்கு மட்டும் மூனு ஃபாரம் அப்படி வந்துச்சு. கை கால் வாய் நோய் கத வேற, கைல கொப்புளம், வாய்ல புண்ணுன்னு பாத்தா வீட்டுலதான், 1997ல சரவாக்ல பிள்ளைங்க உயிரையே அது எடுத்திருக்கு.

"அப்ப நாளைக்கு அனுப்பலாமா மிஸ்ஸி?"ன்னு பாட்டி கேட்டாங்க. மருந்தே குடுக்காம ஒரு முழு நாள் சூடு இல்லாம இருக்கணும், சாயங்காலமும் சேத்து, அப்பறம் அனுப்புங்கன்னேன். வெரல விட்டு எண்ணி, "இன்னைக்கு வியாழன், அப்ப திங்கக்கெழமைதான்"னாங்க. புதன் ராத்திரி ஆரம்பிச்ச காய்ச்சலுக்கு திங்கக்கெழமை ஆறாவது நாள், அதான் எனக்கு டிங்கி (டெங்கு) ஞாபகம் வந்துடுச்சு. மத்த காய்ச்சல்ல சூடு எறங்குனா நிம்மதி, டிங்கியில அப்பதான் ஆபத்தே ஆரம்பிக்கும், மூனாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள சூடு எறங்குற சமயத்துலதான் ரத்தக் குழாய்ல இருந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். காய்ச்சல் விட்டும் பிள்ள தெளியாம வயித்து வலி, விடாத வாந்தி, பல் ஈறுல ரத்தம், ஒரே சோர்வுன்னா ஸ்கூலும் இல்ல வீடும் இல்ல, நேரா ஆஸ்பத்திரி. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மருந்து எதுவும் குடுத்துடாதீங்கன்னும் சொன்னேன்.

டாக்டருங்க முதல்ல கேக்குறது காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னுதான், பாதி பேருக்கு ஞாபகம் இருக்காது. கிளினிக் துண்டுச் சீட்டுக்கு பின்னாடி "காய்ச்சல் முதல் நாள்: புதன் ராத்திரி"ன்னு தமிழ்லயே எழுதி குடுத்தேன். பாட்டி அத நாலா மடிச்சு சுருக்குப்பையில வச்சுக்கிட்டாங்க, பையன முன்னாடி உக்கார வச்சு துண்ட சுத்தி விட்டாங்க, கெளம்புறதுக்கு முன்ன குனிஞ்சு அவன் சப்பாத்த கழட்டிட்டு பாதத்த தொட்டுப் பாத்தாங்க.

"சில்லுன்னுதான்மா இருக்கு."