ரேகை விழாத விரல்கள்

"நல்லா அழுத்தி வைங்க பாட்டி." நியாயவிலைக் கடை வரிசையில் இதைக் கேட்காத மாதமில்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு அவரும் அழுத்துவார், ரேகை விழாது. அந்த அழுத்தமே பல நேரம் காரியத்தைக் கெடுக்கிறது.

ரேகைக் கருவியின் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி சாய்வாக மேலே பாய்கிறது. விரல் தொடாத இடத்தில் அது அப்படியே எதிரொளித்துக் கேமராவுக்குப் போகும், படத்தில் வெள்ளை. தோலின் மேடு, அதாவது ரேகைக் கோடு, தொட்ட இடத்தில் ஒளி சிதறிவிடும், அங்கே கறுப்பு. இப்படி அங்குலத்துக்கு 500 புள்ளிகள் கொண்ட படம் உருவாகிறது. ஒரு புள்ளியின் அகலம் 0.05 மி.மீ. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம் சுமார் அரை மி.மீ. ஆக, ஒரு ரேகையைப் படிக்க மென்பொருளுக்குக் கிடைப்பது பத்துப் புள்ளிதான்.

படம் முழுவதையும் மென்பொருள் ஒப்பிடுவதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்று மட்டும் பார்த்து, அந்த இடத்தையும் கோணத்தையும் குறித்துக்கொள்கிறது. ஆதாருக்காக ஏற்கெனவே பதிவான குறிகளோடு இவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் வரும். வரம்பைத் தாண்டினால் சரி, இல்லையென்றால் இல்லை.

விரல் உலர்ந்திருந்தால் மேடு கண்ணாடியில் முழுதாக ஒட்டாது. ஒரே கோடு துண்டு துண்டாகத் தெரியும். ஒவ்வொரு துண்டின் நுனியையும் 'கோடு முடிகிறது' என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஈரமாக இருந்தாலோ, பலமாக அழுத்தினாலோ இதற்கு நேர்மாறு: பள்ளங்கள் அடைபட்டு, பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இல்லாத கிளைகள் முளைக்கும். அழுத்தத்தில் தோல் இழுபடுவதால் உண்மையான குறிகளுக்கு இடையே உள்ள தூரமும் மாறிப்போகும். விரல் அதேதான், படம் வேறு.

சிமெண்டின் காரம் மேல்தோலை அரிக்கும், மணல் தேய்க்கும். உப்பளம், செங்கல் சூளை, தேயிலைக் கொழுந்து, தினமும் சோப்பு நீரில் பாத்திரம் என எல்லாம் விரலில்தான் வந்து முடிகின்றன. வயது ஏற ஏறத் தோல் வறண்டு, மேடுகள் தாழ்ந்து, குறுக்கே சுருக்கங்கள் விழும். கேப்சிடாபின் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு ரேகையையே மங்கச் செய்துவிடும்.

மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ஆதார் சரிபார்ப்புத் தோல்வி பற்றிச் சில மதிப்பீடுகளைத் தந்தது: ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5. இதில் சிறிய எண்ணைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். 5 சதவீதத் தோல்வி என்றால் ஆளுக்கு இருபது முறையில் ஒருமுறை என்று தோன்றும். அப்படிப் பங்கு பிரிந்து வருவதில்லை. பத்தொன்பது பேருக்கு ஒருபோதும் சிக்கல் வராமல், இருபதாவது ஆளுக்கு மாதாமாதம் விழாமல் போவதே அதிகம். அந்த இருபதாவது ஆள் பெரும்பாலும் கையால் உழைத்தவர் அல்லது முதியவர். "எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறதே" என்பது அந்தப் பத்தொன்பது பேரின் கருத்து.

வரம்பைத் தளர்த்தினால் தீராதா என்றால், தளர்த்தத் தளர்த்த அடுத்தவர் விரலும் உள்ளே வரும். ஆதார் வழியாக வங்கிப் பணத்தையும் இதே விரலை வைத்து எடுக்கலாம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

கடையில் செய்யக்கூடியவை உண்டு. முதலில் கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். முன்னால் வைத்தவரின் எண்ணெய்த் தடம் படத்தில் கலந்துவிடும். நேர்வெயில் படாதபடி இயந்திரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். உலர்ந்த விரலை ஈரத்துணியில் ஒற்றி, அரை நிமிடம் விட்டு வைக்கலாம். எண்ணெய் தடவக் கூடாது. நுனியை ஊன்றாமல், ரேகைச் சுழியின் நடுப்பகுதி கண்ணாடியின் மையத்தில் படியும்படி விரலைப் படுக்க வைத்து, மெல்ல அழுத்தி, அசையாமல் இருந்தால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. ஆதாரில் பத்து விரல்களும் பதிவாகின்றன. எந்த விரலையும் வைக்கலாம். கருவி பிடிக்கும் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் முதலில் தேயும். வலக்கைப் பழக்கமுள்ள கொத்தனாருக்கு இடக்கை மோதிர விரல் பளிச்சென்று விழக்கூடும். விழுந்த விரல் எது என்று அட்டை உறையில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் நேரே அதையே வைக்கலாம்.

மறுக்கும்போது திரையில் ஓர் எண் வந்தால் அதைப் பார்க்க வேண்டும். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை, வேறு விரலை முயலலாம். 330 என்றால் ஆதாருக்கு உரியவரே தம் ரேகைப் பதிவைப் பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருக்கிறார். அந்தப் பூட்டைத் திறக்காமல் எத்தனை விரல் வைத்தும் பயனில்லை. 811 என்றால் ஒப்பிடுவதற்கான பதிவே ஆதாரின் மையத் தரவுத்தளத்தில் இல்லை, ஆதார் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். மூன்றுக்கும் "ரேகை விழல" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பும்போது, பழி முழுக்க அந்த விரலின் மேல் விழுகிறது.

கருவிழிக் கருவி இதில் பெரிய உதவி. உழைப்பால் கருவிழி தேயாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதால் நம் கரும்பழுப்புக் கண்ணின் இழைகளும் தெளிவாகத் தெரியும். தொங்கிய இமை, நடுங்கும் தலை, மூக்குக்கண்ணாடியில் அடிக்கும் வெளிச்சம் ஆகியவை இடைஞ்சல். கண்ணாடியைக் கழற்றி, நிழலில் உட்கார வைத்து எடுத்தால் இவற்றில் பாதி போய்விடும்.

அதுவும் விழாதவருக்கு? ஆதார் காரணத்தால் ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாட்டில் கடைக்கு வர முடியாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் தமக்குப் பதில் ஒருவரை எழுதிக்கொடுத்து அனுப்பலாம். அந்தப் படிவம் விற்பனையாளரின் மேசை மேலேயே இருக்க வேண்டும். இயந்திரம் மூன்று முறை மறுத்தபின் நாலாவது விரலைத் தேடிக்கொண்டிராமல், "உட்காருங்க பாட்டி, வேற வழியில பில் போட்டுத் தரேன்" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் வேண்டும்.