பெரும்போகமும் அணுப்போரின் புகையும்

அறுவடை முடிந்த கையோடு இலங்கையின் மட்டக்களப்பில், படுவான்கரை வயல் வட்டைகளில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். புகை எழும், காற்றடிக்கும் பக்கம் சாயும், பின்னேரத்துக்குள் கலைந்துவிடும். மிச்சம் மீதியை அடுத்த மழை கழுவிவிடும். புகையைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அணுப்போரைப் பற்றி ஆராய்கிறவர்கள் அஞ்சுவதோ வேறொரு புகைக்கு. மழைக்கு எட்டாத உயரத்தில் ஏறி, வருடக்கணக்கில் அங்கேயே நிற்கிற புகை அது.

"நமக்கெல்லாம் ஆர் அணுகுண்டு போடப்போறான்?" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் மோதிக்கொண்டன. இரு நாடுகளிடமும் தலா 170, 180 அணுகுண்டுகள் வரை இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. மட்டக்களப்பிலிருந்து மும்பை 1,600 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம். பெரிய வல்லரசுகளின் பக்கமும் நிம்மதி இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலைநிறுத்தும் அணுகுண்டுகளைத் தலா 1,550 என்று கட்டுப்படுத்திய 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் 2026 பெப்ரவரி 5 உடன் காலாவதியாகிவிட்டது.

அணுகுண்டின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வெறும் வெப்பமாக வெளிப்படும். 1945 ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோதொன் குண்டு, அதாவது 15,000 தொன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். இன்றைய கணக்கில் சிறியது. அது மூட்டிய சின்னச் சின்னத் தீக்களெல்லாம் அரை மணி நேரத்துக்குள் ஒன்றாகிப் புயல் நெருப்பாக மாறி, 11 சதுர கிலோமீற்றரை எரித்தன. எழுந்த கரியில் ஒரு பகுதி அன்றே கறுப்பு மழையாகக் கீழே இறங்கியது. மீதி என்ன ஆனது என்று அன்று அளந்து பார்க்க ஆளில்லை.

நமது வானத்தில் மேகமும் மழையும் 16, 17 கிலோமீற்றர் உயரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே படைமண்டலம். அங்கே மழை இல்லை, ஆகவே கழுவி இறக்கவும் எதுவும் இல்லை. புகை அவ்வளவு உயரம் போகுமா? நெருப்பின் வேகம் மட்டும் போதாதுதான். ஆனால் கரித்துகள் கறுப்பு. வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே போகும்போது கரியையும் கூட்டிக்கொண்டு போகும். சூரியனே அதற்கு ஏணி. இது வெறும் கணினிக் கணக்கு அல்ல. 2017 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகள் எரிந்தபோது புகை 12 கிலோமீற்றரில் தொடங்கி இரண்டு மாதங்களில் 23 கிலோமீற்றர் வரை தானாகவே ஏறியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன.

ஹிரோஷிமா அளவிலான 100 குண்டுகள் இந்திய, பாகிஸ்தான் நகரங்களில் விழுந்தால் 5 மில்லியன் தொன் கரி மேலே போகும் என்று அமெரிக்க வளிமண்டல விஞ்ஞானிகளான அலன் ரொபொக், பிரையன் டூன் குழுவினர் 2007 இல் கணக்கிட்டார்கள். அது சில வாரங்களில் உலகைச் சுற்றிப் பரவும். பூமியின் சராசரி வெப்பநிலை 1.25 பாகை செல்சியஸ் வரை குறையும். மழை பத்தில் ஒரு பங்கு குறையும். வெயில் குறைந்தால் கடலிலிருந்து ஆவியாகும் நீரும் குறைகிறதல்லவா? காலடியில் தண்ணீர், தலைக்கு மேல் வெயில் என்று இரண்டையும் கேட்பது நெல்.

கிழக்கில் பெரும்போகத்தை ஒக்டோபர், நவம்பரில் விதைத்து மாரி மழையை நம்பிப் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுகிறோம். கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போனால் மகரந்தம் மலடாகும், மணி பிடிக்காது. கடல் அணைத்து நிற்பதால் நமக்குக் குளிர் முதல் எதிரியாக இராது என்றே நினைக்கிறேன். வெளிச்சமும் தண்ணீரும்தான் சிக்கல். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தொடர்ந்து மப்பாக இருந்தால் பதர் கூடும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். அந்த மப்பு மேகம் இல்லாமலே வருடக்கணக்கில் நீடித்தால்? அதோடு, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமும் இங்கே உன்னிச்சைக் குளமும் நிரம்புவது மாரி மழையால்; சிறுபோகம் விளைவது அந்தச் சேமிப்பால். ஒரு மாரி பொய்த்தால் போவது இரண்டு போகம்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1991 இல் குவைத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது தெற்காசியாவின் விவசாயமே பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் எச்சரித்தார். அப்படி நடக்கவில்லை, சிதறி எரிந்த கிணறுகளின் புகை தாழவே நின்று கரைந்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுகூடம் 2018 இல் செய்த கணிப்பிலும் படைமண்டலத்தைத் தொடும் கரி மிகக் குறைவு. நகரத்தில் எரியக்கூடிய பொருளை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது ரொபொக் தரப்பின் பதில். ஆக, வாதம் கரியின் அளவைப் பற்றியது. மேலே போய்ச் சேர்ந்த கரி பூமியைக் குளிர்விக்கும் என்பதில் பெரிதாகத் தகராறு இல்லை.

2022 இல் 'நேச்சர் ஃபூட்' இதழில் வந்த ஆய்வு இதைப் பசியாக மாற்றிக் கணக்கிட்டது. 5 மில்லியன் தொன் கரிக்கே இரண்டு வருடத்தில் பட்டினியால் 250 மில்லியன் பேருக்கு மேல் இறக்கலாம். பெரிய குண்டுகளோடு நடக்கும் இந்திய-பாகிஸ்தான் போரானால் 2 பில்லியனைத் தாண்டும். அமெரிக்க-ரஷ்யப் போரானால் 5 பில்லியனை. குண்டில் நேரடியாகச் சாகிறவர்களைவிடப் பல மடங்கு இது. விளைச்சல் குறையும் நாடுகள் ஏற்றுமதியை நிறுத்திவிடும் என்பதும் அந்தக் கணக்குக்குள் உண்டு.

கணக்கின் அந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வு தேவையில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. யூரியாவும் டீசலும் கப்பலில் வருகின்றன. பாணுக்கான கோதுமை ஒரு மணிகூட இங்கே விளைவதில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்போது எங்கும் அணுகுண்டு விழவில்லை. உள்ளூரில் அரிசி விலை ஏறியதும் பருவமழை ஒழுங்காகப் பெய்யாததும்தான் காரணம்.