தத்து வேறு, ஃபாஸ்டர் வேறு

பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையை வேறொரு குடும்பம் சில காலம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஃபாஸ்டர் கேர்' என்பதைத் 'தற்காலிகத் தத்தெடுப்பு' என்று தமிழில் எழுதுவதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கிலாந்தில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கென்று அச்சாகும் துண்டறிக்கைகளிலும், மொழிபெயர்த்துச் சொல்ல வருபவர்கள் வாயிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. தத்தில் தற்காலிகம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் 'ஃபோஸ்டர்' என்றால் உணவு, ஊட்டம். 'ஃபுட்' என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. ஊட்டி வளர்ப்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். 'தத்து' வடமொழி 'தத்த' என்பதிலிருந்து வந்தது. கொடுக்கப்பட்டது என்று பொருள். நம் பேச்சில் தத்துக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிள்ளை அந்த வீட்டு வாரிசு, கொள்ளி வைப்பதும் அந்த வீட்டுக்குத்தான்.

இங்கிலாந்துச் சட்டத்தில் ஃபாஸ்டர் இதற்கு நேர்மாறு. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பிரிவு 20இன்படி, பெற்றோரின் சம்மதத்தோடு கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், ஒரு பிள்ளையை வேறு வீட்டில் தங்கவைக்கலாம். பெற்றோர் பொறுப்பு, அதாவது பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும், பெற்றோரிடமே இருக்கும். பொதுவாக அவர்கள் எப்போது கேட்டாலும் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கவுன்சிலின் பராமரிப்பில் விடச் சொல்லி நீதிமன்றம் பிரிவு 31இன் கீழ் ஆணை போட்டால் கவுன்சிலுக்கும் அந்தப் பொறுப்பு வரும், ஆனால் பெற்றோருடையது அழியாது. பிள்ளையை வைத்துப் பார்க்கும் குடும்பத்துக்கோ பெற்றோர் பொறுப்பே கிடையாது. முடி வெட்டவும் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பவும் யார் சம்மதம் தர வேண்டும் என்பதைக்கூடத் திட்டத்தாளில் எழுதி வைத்திருப்பார்கள். தத்தெடுப்பில் பெற்றவர்களின் சட்ட உறவே முடிந்துபோகும்.

இப்போது பிரிவு 20 படிவத்தை ஒரு தாயின் கையில் கொடுத்து, 'தற்காலிகத் தத்துக்குச் சம்மதமா?' என்று தமிழில் கேட்டால் என்ன ஆகும்? பிள்ளையைப் பறிக்கிறார்கள் என்று அலறி மறுப்பாள். அல்லது எல்லாம் போய்விட்டது என்று நம்பி, திரும்பக் கேட்கும் உரிமை இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுவாள். 2015இல் குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவராக இருந்த நீதிபதி ஜேம்ஸ் மன்பி ஒரு தீர்ப்பில் இதைத்தான் வலியுறுத்தினார்: ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்குப் பிரிவு 20 ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் தர வேண்டும், படித்துச் சம்மதிப்பதாக அவர்கள் தம் மொழியிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தமிழ்த்தாளில் 'தத்து' என்று இருந்தால் அவள் சம்மதித்தது எதற்கு?

அடுத்தது, பிள்ளையை வைத்துப் பார்ப்பவர்களை 'வளர்ப்புப் பெற்றோர்' என்பது. இது கொஞ்சம் நாகரிகமான தவறு. 'வளர்ப்பு மகன்' என்று சொன்னால் தமிழ் காதில் விழுவது தத்துப்பிள்ளைதான். சட்ட வாசகத்தில் 'ஃபாஸ்டர் பேரன்ட்' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கவுன்சில்களின் அன்றாடப் புழக்கத்தில் 'ஃபாஸ்டர் கேரர்' (பார்த்துக்கொள்பவர்) என்றே ஆகிவிட்டது. பிள்ளைக்குப் பெற்றோர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு பெற்றோரைத் தமிழில் நாம் ஏன் உண்டாக்க வேண்டும்?

தூய தமிழ் அன்பர்கள் 'செவிலி' என்பார்கள். அழகான சொல், பொருத்தமும்கூட. நற்றாய் ஒருத்தி, வளர்க்கும் செவிலித்தாய் ஒருத்தி என்று சங்க அகப்பாட்டு இருவரையும் அருகருகே நிறுத்தி வைத்திருக்கிறது. ஐவகைத் தாயரில் 'ஊட்டுந்தாய்' வேறு உண்டு, ஆங்கில வேரோடு அப்படியே ஒத்துப்போகும். ஆனால் செவிலியர் இன்று மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். 'உங்கள் மகன் செவிலித்தாய் வீட்டில் இருக்கிறான்' என்றால், காய்ச்சலா என்று கேட்பார்கள்.

நான் பரிந்துரைப்பது 'பராமரிப்புக் குடும்பம்'. பிள்ளை பராமரிப்புக் குடும்பத்தில் வளர்கிறான், அவர்கள் பராமரிப்பாளர்கள், அவ்வளவுதான். பராமரிப்பு வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'பேணுகுடும்பம்' என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. வேலை முடிந்து இரவில் வந்து கடிதத்தைப் பிரிப்பவருக்கு முதல் வாசிப்பில் புரிந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'லுக்ட் ஆஃப்டர் சில்ட்ரன்' என்பதைக் 'கவனிக்கப்பட்ட பிள்ளைகள்' என்கிறார்கள். கவனித்து முடித்தாயிற்றா? சட்டம் சொல்வது இப்போது கவுன்சிலின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளை. 'கவுன்சில் பொறுப்பில் உள்ள பிள்ளைகள்' என்று நேராக எழுதினால் என்ன குறை? 'அநாதைகள்' என்று எழுதுபவர்களை மன்னிக்கவே முடியாது. அப்பா அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளைகள்தாம் இவர்களில் மிகப் பெரும்பாலோர். 'லோக்கல் அத்தாரிட்டி'யை 'உள்ளூர் அதிகாரம்' என்பதும் அப்படித்தான். சனங்கள் வாயில் அது கவுன்சில். அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்.

ஒரு பிள்ளையை எங்கே தங்கவைப்பது என்று முடிவெடுக்கும்போது அதன் மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று அதே 1989 சட்டத்தின் பிரிவு 22 கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. தமிழ் பேசும் வீடுகள் முன்வந்தால்தான் தமிழ்ப் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கும். நம் ஆட்களோ 'தத்து' என்ற சொல்லைப் பார்த்ததும் சொத்து, வாரிசு, சாதி, சொந்தக்காரர் பேச்சு என்று கணக்குப் போட்டுத் துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, தாயைச் சந்திக்க அழைத்துப் போவதுதான் கேட்கப்படுகிறது என்றும், அதற்கு வாரந்தோறும் உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு என்றும் அந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது?