வர்க்கம் என்பதா, வகுப்பு என்பதா?

'கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. தொழிற்சங்கக் கூட்டத்தில் வர்க்கம். தாலுகா அலுவலகம் தரும் சான்றிதழில் மறுபடியும் வகுப்பு, ஆனால் அங்கே அதற்குச் சாதி என்று பொருள். சமூகவியல் படிக்க வரும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

மூலச்சொல் லத்தீனின் 'கிளாசிஸ்'. பழைய ரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். செர்வியுஸ் துல்லியுஸ் என்ற அரசன் செய்த ஏற்பாடு இது என்பது ரோமானிய மரபு. படைக்கு எந்த ஆயுதத்தோடு வர வேண்டும், வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் பிரிவைப் பொறுத்தது. சொத்தில்லாதவர்கள் ஐந்துக்கும் கீழே. அரசுக்குக் கொடுக்கப் பிள்ளைகளைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள் என்ற பொருளில் அவர்களைப் 'புரோலிட்டாரி' என்றார்கள். மார்க்ஸ் எடுத்தாண்ட இந்தச் சொல்லுக்குத் தமிழில் 'பாட்டாளி' அமைந்தது. பாடுபடுகிறவர் பாட்டாளி. மூலத்தைவிட மரியாதையான சொல் என்றே சொல்வேன்.

வர்க்கம் வடசொல், தமிழ் ஒலிக்கேற்ப வருக்கம். ககர வருக்கம், வருக்க எதுகை என்று இலக்கணத்திலும், பழவர்க்கம் என்று பேச்சிலும், வர்க்கமூலம் என்று கணக்கிலும் புழங்குகிறது. இனம், தொகுதி என்பதுதான் அடிப்படைப் பொருள். மேல், கீழ் என்ற எண்ணம் அதில் இல்லை. முதலாளி, தொழிலாளி என்ற பொருளை அதில் ஏற்றியது 20-ஆம் நூற்றாண்டின் பொதுவுடைமை எழுத்து.

வகுப்பு நம் சொல். 'வகு' என்ற வேரிலிருந்து வந்தது. 'காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்ற குறளில் வகுத்தல் என்பது சேர்த்த பொருளைப் பிரித்துக் கொடுப்பது. யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியே வேருக்குள் இருப்பதால், 'கிளாஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆனால் 1921-இல் சென்னை மாகாண அரசு, வேலைவாய்ப்பைச் சாதி, மதப் பிரிவுகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அதே வழியில் கல்லூரிச் சேர்க்கைக்குப் பின்னால் வந்த ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், 1951-இல் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அதில் இடம்பெற்ற 'கிளாஸ்' தமிழில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்' என்று நிலைத்தது. சாதிப் பட்டியலோடு சேர்ந்துவிட்ட அந்தச் சொல்லை இனிப் பிரிக்க முடியாது.

சரி, பொருளுக்கு வருவோம். மார்க்ஸுக்கு வர்க்கம் என்பது வருமானக் கணக்கல்ல, உற்பத்திக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான். வேலூர், குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மேலே நிற்க மேஸ்திரி இல்லை, வருகைப் பதிவு இல்லை. பார்த்தால் சொந்தத் தொழில் மாதிரிதான் இருக்கும். ஆனால் இலையும் தூளும் ஏஜெண்ட் கொடுப்பது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று அவர் கழித்துவிட்ட பீடிக்குக் காசு வராது. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானவை கத்தரிக்கோலும் முறமும் விரல்களும்தான். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. வீடே தொழிற்கூடமானாலும் உறவு கூலி உறவுதான்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இதோடு நிறுத்தவில்லை. சந்தையில் ஒருவருக்குள்ள இடம் வர்க்கம், ஊர் கொடுக்கும் மதிப்பு தகுதிநிலை, அதிகாரத்துக்காகத் திரள்வது கட்சி என்று மூன்றாகப் பிரித்தார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு தேவை. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், பச்சைத் தோலைக் கையால் தொடுபவருக்கும் கணக்குப் புத்தகத்தைத் தொடுபவருக்கும் ஊரில் ஒரே மதிப்பு கிடைப்பதில்லை. தோல் வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அவர் 'படிநிலை ஏற்றத்தாழ்வு' என்ற கருத்தையும் முன்வைத்தார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே இன்னொரு படி இருப்பதால், எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பது கடினமாகிறது. வர்க்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நம் வட்டாரத்தை விளக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அம்பேத்கரைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் 1945-இல் வேறு விதமாக வாதிட்டார்கள். முக்கியமான பொறுப்புக்குத் திறமையானவர் வர வேண்டுமானால் அதற்குக் கூடுதல் பலன் வேண்டும், ஆகவே ஏற்றத்தாழ்வு சமூகத்துக்குத் தேவை என்றார்கள். திறமையைக் காட்ட முதலில் வாய்ப்பு வேண்டாமா என்று 1953-இல் இன்னொரு சமூகவியலாளர் டியூமின் திருப்பிக் கேட்டார். எனக்கு டியூமின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பள்ளி விட்டு வந்து அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்த பிள்ளையின் திறமையை யார் அளந்தார்கள்? பணத்தோடு, வீட்டில் புழங்கும் மொழியும் படிப்பும் பழக்கமும்கூட மூலதனம்தான் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ பிற்பாடு விளக்கியது இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அவர் சொன்னதைப் 'பண்பாட்டு மூலதனம்' என்று எழுதலாம்.

எழுதும்போது எதை வைத்துக்கொள்வது? உடைமை, கூலி உறவைச் சொல்ல வர்க்கம் இருக்கட்டும். இட ஒதுக்கீடு சார்ந்த பிரிவுக்கு வகுப்பு. இரண்டையும் சாதியையும் உள்ளடக்கிய மேல்கீழ் அமைப்புக்குச் 'சமூக அடுக்கமைவு'. 'சமத்துவமின்மை' என்று எழுதும் இடத்தில் பெரும்பாலும் 'ஏற்றத்தாழ்வு' போதும். 'இருக்கப்பட்டவங்க', 'இல்லாதவங்க' என்ற பேச்சு வழக்கை நேர்காணல் குறிப்புகளில் அப்படியே விட்டுவிடுங்கள், அதை மேல்வர்க்கம், கீழ்வர்க்கம் என்று மாற்ற வேண்டாம். பேசுபவர் சொன்னது வசதியைப் பற்றி. அவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதைத் தனியாகத்தான் கேட்டு எழுத வேண்டும்.