படம் பார்த்து வருவதல்ல இது

பாலக்காட்டின் கிழக்கோரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துவரும் குழந்தை உளவியலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சென்ற வாரமும் ஒரு தகப்பனார் அதே பேச்சோடு வந்ததில் அந்தப் பொறுமை பாதி கரைந்துவிட்டது. "பையன் நல்லாத்தானுங்க டாக்டர் இருந்தான். அந்தப் படத்தைப் பார்த்ததுல இருந்துதான் இப்படி ஆயிட்டான்." பையன் என்று வளர்த்த பிள்ளை தன்னைப் பெண்ணாக உணர்வதாகச் சொல்கிறது என்பதைத்தான் அவர் 'இப்படி' என்றார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவர் பேச்சை மட்டும் மாற்றவில்லை, ஏனெனில் அது அவர் ஒருவருடைய பேச்சன்று.

அவர் குறிப்பிட்ட படம் '20,000 தேனீ இனங்கள்' என்ற ஸ்பானியப் படம். ஊர் நூலகத்தில் திரையிட்டபோது குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியில் ஒரு கோடை விடுமுறையில் நடக்கும் கதை அது. எல்லோரும் பையன் என்று நினைக்கும் எட்டு வயதுப் பிள்ளை, தனக்கு இட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் திருப்பிக்கொள்கிறது, பிறர் முன் உடை மாற்றக் கூசுகிறது, கடைசியில் தனக்கென்று ஒரு பெண்பெயரைத் தேர்ந்துகொள்கிறது. அந்தப் பிள்ளையாக நடித்த சோபியா ஒதேரோவுக்கு, ஒன்பது வயதிலேயே, 2023 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த முதன்மை நடிப்புக்கான வெள்ளிக்கரடி விருது கிடைத்தது. படத்தில் அந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. தன்னைப் பற்றி அதற்குத் தெரிந்திருப்பது தாய்க்கும் பாட்டிக்கும் தெரியவரத்தான் படம் முழுவதும் தேவைப்படுகிறது. தாய் படித்தவர், அன்பானவர், பிள்ளையை அடிப்பவர் அல்லர். ஆனாலும் கண்முன் நடப்பதை நேராகப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். என் அறைக்கு வரும் தாய்மாரில் பலர் இந்த வகையினர்தாம்.

சரி, படம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் குழந்தை பிறந்தது முதல் நாயகன் மீசை முறுக்கிச் சண்டையிடும் படங்களை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துத்தானே வளர்ந்தது? திரைக்கு அப்படியொரு சக்தி இருந்தால், அத்தனை படங்களும் சேர்ந்து அதை அசைக்க முடியாத ஆண்பிள்ளையாக ஆக்கியிருக்க வேண்டாமா? கொல்லம் மாவட்டம் சவறயில், கொட்டன்குளங்கரை தேவி கோயிலில், மலையாள மாதமான மீனம் 10, 11 நாட்களில் சமயவிளக்குத் திருவிழா நடக்கிறது. ஆண்கள் புடவை கட்டி, பூச்சூடி, மையிட்டு விளக்கேந்தி நிற்கிறார்கள். அவர்களில் எவரும் அந்தப் புடவையால் பெண்ணாகிவிடவில்லை. மறுநாள் வேட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். புடவையே செய்யாத வேலையை, இரண்டு மணி நேரம் ஓடிய ஒரு படம் செய்துவிட்டது என்று எப்படி நம்புகிறோம்?

அந்தத் தகப்பனாரிடம் பிள்ளையின் பழைய புகைப்படங்களைக் கேட்டேன். தம் கைபேசியில் தேடி, ஸ்ரீகிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்தன்று எடுத்த ஒன்றை அவரே எடுத்துக் காட்டினார். அப்போது பிள்ளைக்கு நான்கு வயது. கிருஷ்ணன் வேடம் வேண்டாம், ராதைதான் வேண்டும் என்று அழுது அடம்பிடித்ததால், அக்காவின் பாவாடையை உடுத்தி அழைத்துப்போனார்களாம். அன்று சிரித்துக்கொண்டே அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் அவர்தாம். நூலகத்துத் திரையிடல் நடந்தது அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்பு. தலையில் துண்டைச் சுற்றிக் கூந்தலாகத் தொங்கவிட்டுக்கொள்வது, முடிவெட்டும் நாளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது என்று தாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் அந்தக் கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த படம் பிள்ளைக்குத் தந்தது ஒன்றே ஒன்று: இதை வாய்விட்டுச் சொல்லலாம் என்கிற துணிச்சல்.

இதற்கு நேர்மாறான அவசரமும் வேண்டாம். ராதை வேடம் கேட்கும் பையன்கள் எல்லோரும் திருநங்கையராக வளர்வதில்லை. மரமேறி, மட்டை பிடித்து விளையாடும் பெண்பிள்ளைகள் எல்லோரும் திருநம்பியரும் அல்லர். விளையாட்டையும் உடையையும் மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவுசெய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பருவமடையாத பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கும் தான் உணரும் பாலினத்துக்கும் இடையேயான பொருத்தமின்மை தெளிவாகவும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் விடாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்த 11ஆம் பதிப்பு, இந்த நிலையை மனநோய்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. (என் துறையில் இன்னும் பழைய புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.)

"கோயமுத்தூரில் ஊசி போட்டுச் சரிசெய்கிறார்களாமே?" என்பது அடுத்த கேள்வி. ஆணை "முழு ஆணாக்கும்" ஊசி என்று எதுவும் கிடையாது. மருத்துவத்தின் பெயரால் பாலின உணர்வை மாற்றும் முயற்சிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதைத் தொடர்ந்து, இத்தகைய 'மாற்றும் சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. சென்னைத் தீர்ப்பு கேரளத்துக்கு இல்லையே என்று ஒரு மாமா என்னிடம் வாதாடினார். மருத்துவ ஆணையத்தின் அறிவிப்பு மாநில எல்லைச் சோதனைச் சாவடிக்கு இரண்டு பக்கமும் பொருந்தும், ஐயா.

எதிர்முனை அச்சமும் உண்டு. நாங்கள் பிள்ளைக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுவோம் என்று பாட்டிமார் பதறுகிறார்கள். பருவமடையாத பிள்ளைக்கு இதற்காக மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. பேசுவதும் கேட்பதும் காத்திருப்பதும் மட்டுமே.

இந்தப் பிள்ளை முதலில் என்னிடம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி வயிற்றுவலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று குழந்தை மருத்துவரிடம் போய், அவர் அனுப்பித்தான் வந்தது. காலையில் தாய் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே நிறைந்து திரும்பியிருக்கிறது. பள்ளியில் ஆண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் கேலிக்கு அஞ்சிப் போக முடியாததால், பிள்ளை பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறது. "வீணாப் போகுது, பாட்டிலைச் சின்னதா வாங்கிக் குடுங்க" என்று வீட்டில் யாரோ யோசனை சொன்னார்களாம். வகுப்பாசிரியரிடம் பேசி, தனிக் கழிப்பறை ஒன்றைப் பயன்படுத்த அனுமதி வாங்கியது மட்டும்தான் இதுவரை நாங்கள் செய்த 'சிகிச்சை'. வயிற்றுவலி குறைந்திருக்கிறது.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். முடியை வலுக்கட்டாயமாக வெட்டாதீர்கள். உறவினர் வந்திருக்கும்போது "எப்படி நடக்குதுன்னு பாருங்க" என்று நடக்கச் சொல்லிக் காட்டாதீர்கள். அதைக் காணொளி எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவது சிரிப்பு அல்ல, கொடுமை. அடிக்காதீர்கள்; அடிபட்ட பிள்ளை மாறுவதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறது, மறைத்து வளரும் பிள்ளைகளிடம்தான் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் அதிகம் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளாவது எந்தப் பெயரில் கூப்பிடலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பின்னால் அது மனம் மாறினால் நீங்களும் மாற்றிக் கூப்பிடலாம். இதில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. தகப்பன்மாரே, கோபத்தில் தாயின் வளர்ப்பைக் குறை சொல்வதை நிறுத்துங்கள்.

அந்தப் படத்தையோ அதைப் போன்ற வேறொன்றையோ பார்க்க விரும்பினால், முதலில் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்த சூட்டிலேயே பிள்ளையைக் கூப்பிட்டு, நீயும் இப்படித்தானா என்று விசாரணை நடத்தாதீர்கள். அது தானாகப் பேச வரும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால் போதும்.

என்னிடமோ வேறு யாரிடமோ வருவதானால், முதல் தடவை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோர் இருவரும் மட்டும் வாருங்கள். பிள்ளையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அதைப் பற்றி நீங்கள் சொல்லும் புகார்களை அது கேட்க வேண்டியதில்லை.